“கவனமே இல்லை” என்று வந்த மூன்று பேர்: 71, 19, 9

மனநலப் பிரிவில் அதிகம் கேட்கிற புகார்களில் ஒன்று, “கவனமே இல்ல டாக்டர், சொன்னது எதுவும் மனசுல நிக்கிறதில்ல” என்பது. ஒன்பது வயதுக் குழந்தையின் அம்மாவும் இதைச் சொல்வார், எழுபது தாண்டிய அம்மாவின் மகளும் இதையேதான் சொல்வார். அப்புறம் வயதைப் பார்த்த உடனே ஒரு பெயரும் ஒட்டிக்கொள்ளும். குழந்தையா, ஏ.டி.ஹெச்.டி (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு). இளைஞனா, மனச்சோர்வு. முதியவரா, டிமென்ஷியா (முதுமை மறதி நோய்). கீழே வரும் மூன்று பேரும் அப்படி ஒரு பெயரோடுதான் வந்தார்கள், மூன்று பெயருமே பொருந்தவில்லை.

இந்த மூன்றில் எதுவும் ஒரு தனி மனிதரின் கோப்பிலிருந்து எடுத்தது அல்ல. பலரிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றைச் சேர்த்து, இளம் மருத்துவர்களுக்கும் குடும்பங்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அமைத்தவை. இவற்றை வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அறிகுறிகளின் பட்டியல் நோயைப் பிரித்துக் காட்டுவதைவிட, அறிகுறிகளின் காலக்கணக்கு நன்றாகப் பிரித்துக் காட்டும். எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் வந்தது, ஒரே நாளுக்குள் ஏறி இறங்குகிறதா, அதற்கு முன் இந்த ஆள் எப்படி இருந்தார். நான் யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதில் இவற்றைக் குறித்துவிட்டுத்தான் மற்றக் கேள்விகளுக்குப் போவேன்.

முதல் நோயாளி: 71 வயதுப் பெண்

கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள்தான் அழைத்து வந்தார். மூன்று மாதமாக மறதி, பேசுவதே குறைந்துவிட்டது, அடுப்பை அணைக்க மறக்கிறார், “அம்மாவுக்கு டிமென்ஷியா, அதை உறுதி பண்ணிட்டு மருந்து குடுங்க” என்பது மகளின் கோரிக்கை. பேச்சின் நடுவே இன்னொன்றையும் சொன்னார், அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை: கடந்த மூன்று நாளாக நிலைமை இன்னும் மோசம். பகலில் தூங்கி வழிகிறார், ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார், முந்தின நாள் மாலை மகளைப் பார்த்து “நீ யாரும்மா” என்று கேட்டிருக்கிறார், மறுநாள் காலை ஓரளவு தெளிவாகவே இருந்திருக்கிறார்.

கோட்டில் இப்போதே இரண்டு புள்ளிகள் விழுந்துவிட்டன. மூன்று மாதம் ஒன்று, மூன்று நாள் ஒன்று. இந்த இரண்டையும் ஒரே நோயின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நாளில் இப்படி இறங்குவது டிமென்ஷியாவின் வழக்கம் அல்ல, மனச்சோர்வின் வழக்கமும் அல்ல. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்து, ஒரே நாளுக்குள் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வந்தால் அது டெலிரியம், அதாவது உடல்நோயால் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை, அப்படி இல்லை என்று நிரூபிக்கும்வரை. டெலிரியம் என்றால் கத்துவது, கட்டிலிலிருந்து இறங்கி ஓடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முதியவர்களிடம் அதைவிட அமைதியான வகை நிறைய வரும். சத்தமில்லாமல் மந்தமாகக் கிடப்பார்கள், யாருக்கும் தொந்தரவு இருக்காது, அதனாலேயே “மனச்சோர்வு அதிகமாகிவிட்டது” என்று விட்டுவிடுகிறோம்.

ஆண்டின் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர் வரை வந்தார், அக்டோபரில் நின்றார், பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்தவர். இது நினைவின் கோளாறு அல்ல, கவனத்தைப் பிடித்து வைக்க முடியாத கோளாறு. 1990-ல் ஷாரன் இனோயே குழுவினர் வெளியிட்ட டெலிரியம் கண்டறியும் முறை இன்றுவரை மிகவும் பயன்படுகிறது, அதில் பார்ப்பது நான்கே விஷயம்: திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும், கவனக்குறைவு, குழம்பிய சிந்தனை, விழிப்புநிலையில் மாற்றம். முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், கடைசி இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இவருக்கு நான்குமே இருந்தன.

அடுத்து மருந்துப் பை. வயதானவர்களிடம் சீட்டை மட்டும் பார்த்தால் போதாது, பையையே கொட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, பல வருடமாக. அவசரமாகச் சிறுநீர் வருவதற்கு ஆக்ஸிபியூடினின், நான்கு மாதமாக. மனச்சோர்வாக இருக்கலாம் என்று இன்னொரு மருத்துவர் தொடங்கிய எஸ்சிட்டலோபிராம், பன்னிரண்டு நாளாக.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் 121. இருக்க வேண்டியது 135-லிருந்து 145.

எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு உடலில் நீரைத் தேக்கிச் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும், தயசைடு சிறுநீர் வழியே சோடியத்தை வெளியேற்றும், இரண்டும் சேர்ந்தால் கீழே இறங்குவது வேகமாக நடக்கும். அறுபத்தைந்துக்கு மேல் வயது, பெண், குறைந்த உடல் எடை, இந்த மூன்றும் ஆபத்தைக் கூட்டுபவை. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள்தான் இது வரும். மனச்சோர்வு என்று சந்தேகித்து எஸ்.எஸ்.ஆர்.ஐ கொடுத்தது தவறான யோசனை அல்ல, தயசைடு எடுக்கும் முதியவருக்குத் தொடங்குமுன் ஒரு முறை, தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை சோடியம் பார்ப்பது மிக அவசியம், அவ்வளவுதான். ஆக்ஸிபியூடினின் தனியாக ஒரு பிரச்சினை. அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து, நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை நம்பியிருக்கும் வேதிப்பொருளும் அதேதான்.

இவரை மனநலப் பிரிவில் சேர்க்கவில்லை, பொது மருத்துவத்தில்தான் சேர்த்தோம். மூன்று மருந்துகளும் நிறுத்தப்பட்டன. சோடியத்தை ஏற்றுவதில் அவசரம் கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 அலகுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு, வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்புறை சிதையும் ஆபத்து உண்டு. சிறுநீர்த் தொற்று இல்லை, மூளை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, தைராய்டும் பி12-ம் சரி. ஐந்து நாளில் சோடியம் 134 வந்தது. கவனம் முழுதாகத் திரும்ப அதற்கு மேலும் ஒரு வாரம் ஆனது. எண் சரியான அன்றே மூளையும் சரியாகிவிடும் என்று குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, மூன்று நாள் கதை முடிந்தது. மூன்று மாதக் கதை அப்படியே இருக்கிறது. டெலிரியம் இருக்கும்போது நினைவாற்றல் பரிசோதனை செய்து டிமென்ஷியா என்று எழுதுவது அர்த்தமற்றது, அது தெளிந்த பிறகுதான் நிஜமான கேள்வியே தொடங்குகிறது.

தெளிந்தபின் எம்.எம்.எஸ்.இ என்ற நினைவாற்றல் பரிசோதனையில் 30-க்கு 21. எண்ணை மட்டும் பார்த்தால் டிமென்ஷியா என்றே தோன்றும். அந்த 21 எப்படி வந்தது என்று பார்த்தால் கதை வேறு. பாதிக் கேள்விகளுக்கு “தெரியலையே”, “என்னால முடியாது விடுங்க” என்று முயற்சியே செய்யாமல் ஒதுங்கினார். கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் ஊக்கப்படுத்தினால் அதே கேள்விக்குச் சரியான பதில் வந்தது. மூன்று சொற்களில் ஒன்றைத்தான் தானாக நினைவுகூர்ந்தார், “அது ஒரு பழம்” என்று குறிப்புக் கொடுத்ததும் இன்னொன்றும் வந்துவிட்டது. டிமென்ஷியாவின் பொதுவான வகையான அல்ஸைமரில் சொல் உள்ளே பதிவதே குறைந்துபோவதால் குறிப்பு அவ்வளவாக உதவாது. பதில் தெரியாததை மறைக்கத் தவறான பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்வது, “இதெல்லாம் யார் ஞாபகம் வெச்சுக்கிறாங்க” என்று பேச்சை மாற்றுவது, மறதியைப் பற்றித் தனக்குக் கவலையே இல்லாமல் குடும்பம் மட்டும் கவலைப்படுவது, இவைதான் அல்ஸைமரில் நான் அதிகம் பார்ப்பவை. இவரோ தன் மறதியைப் பற்றி மகளைவிட அதிகம் புலம்பினார். இந்த வித்தியாசங்கள் எவையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது, சேர்ந்து ஒரே பக்கம் சாயும்போதுதான் எடை.

காலக்கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. எப்போது தொடங்கியது என்றதற்கு மகளால் மாதத்தைச் சொல்ல முடிந்தது. டிமென்ஷியாவில் “ரெண்டு வருஷம் இருக்கும், இல்ல மூணா, சரியா சொல்லத் தெரியல” என்பதுதான் வழக்கமான பதில். அதற்கு முன் எப்படி இருந்தார் என்று கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன்னால்கூட மகளின் வரிக் கணக்கில் இருந்த ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். இந்த ஒரு வரி ஸ்கேனைவிட எனக்கு அதிகம் சொன்னது.

அப்புறம் மற்ற அறிகுறிகள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, காலையில் மோசம் மாலையில் சற்றுப் பரவாயில்லை, ஆறு கிலோ எடை குறைவு, எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன் என்ற குற்ற உணர்வு. “சோகமா இருக்கீங்களா” என்றால் “இல்லையே” என்றுதான் சொன்னார். முதியவர்களிடம் இது மிகவும் சகஜம். சோகத்தைச் சொல்ல மாட்டார்கள், உடல் வலி, மலச்சிக்கல், தூக்கம், மறதி என்றுதான் சொல்வார்கள், எதிலும் ஆசை போய்விட்டதைக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். முதுமைக்கால மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்வி வடிவத்தில் 12 வாங்கினார். 33 வயதில், இரண்டாவது பிரசவத்துக்குப் பின், மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் கிடந்த ஒரு காலமும் இருந்திருக்கிறது, வைத்தியம் இல்லாமலே தெளிந்தது. பழைய மனச்சோர்வு இருந்தவருக்கு எழுபதில் மீண்டும் வருவது எதிர்பார்க்கக்கூடியது. வாழ்க்கையில் முதல் முறையாக அறுபதுக்கு மேல் மனச்சோர்வு வந்தால்தான், மூளையின் ரத்தக்குழாய் நோயும் தொடங்கிக்கொண்டிருக்கும் டிமென்ஷியாவும் பின்னால் இருக்கிறதா என்று நான் இன்னும் கவனமாகத் தேடுவேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டேன். வந்தது, திட்டம் இல்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன, அப்படி இல்லை, கேட்பதுதான் கதவைத் திறக்கும். முதியவர்கள் முயல்வது குறைவு, முயன்றால் உயிர் போகும் சாத்தியம் இளையவர்களைவிட அதிகம், ஆகவே “இந்த வயசுல எல்லாரும் சொல்றதுதான்” என்று தள்ளக் கூடாது. மாத்திரைகள் முழுவதும் மகளின் பொறுப்புக்குப் போயின, இரவில் தனியாக விடுவதில்லை என்று முடிவானது.

மனச்சோர்வுக்கு மிர்டசபின், 7.5 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை. சோடியத்தைக் குறைக்கும் ஆபத்து எஸ்.எஸ்.ஆர்.ஐயைவிட இதில் குறைவு, தூக்கமும் பசியும் சீக்கிரம் திரும்பும். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடுக்குப் பதில் அம்லோடிபின். சோடியத்தைத் தொடர்ந்து பார்த்தோம். கூடவே, தினமும் ஒரு சிறு வேலையாவது செய்து முடிக்க வேண்டும் என்ற செயலூக்கச் சிகிச்சை, அதற்கு அவரே தேர்ந்தெடுத்தது வீட்டு வரவு செலவை மீண்டும் எழுதுவது. பத்து வாரத்தில் மனச்சோர்வு எண் 12-லிருந்து 3, எம்.எம்.எஸ்.இ 27.

இதை “டிமென்ஷியா இல்லை” என்று எழுதி மூடிவிடவில்லை. மனச்சோர்வால் மறதி வந்து தெளிந்த முதியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் உண்மையான டிமென்ஷியா வருகிறது, மற்றவர்களைவிட அதிகமாகவே. மனம் நன்றாகத் தெளிந்த பிறகும் மூன்று சொல்லில் இரண்டுதான் தானாக வருகிறது. ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை மீண்டும் பரிசோதனை என்று மகளிடம் சொல்லியாயிற்று.

இரண்டாவது: 19 வயது மாணவர்

“படிக்க உட்கார்ந்தா ஒரு பக்கம் ஓட மாட்டேங்குது.” இரண்டு மாதமாக. பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் கைகால் ஈயம்போலக் கனக்கிறது, நிறையச் சாப்பிடுகிறார், யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27-க்கு 18. மனச்சோர்வு என்பதில் சந்தேகம் இல்லை, எந்த நோயின் மனச்சோர்வு என்பதில்தான் சந்தேகம். அந்தக் கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரத்தை மட்டுமே கேட்கும், அதில் மனம் உச்சிக்குப் போன காலத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது.

கோட்டைப் பின்னால் நீட்டினால், 16-ல் ஒரு முறை, 17-ல் ஒரு முறை, இது மூன்றாவது. இளம் வயதில் தொடங்கி, அடிக்கடி திரும்பி, அதிகத் தூக்கத்தோடு வரும் மனச்சோர்வு என்றால் மனச்சோர்வும் அளவுக்கு மீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறைத் தேடியே ஆக வேண்டும். “ரொம்ப சந்தோஷமா இருந்த நாள் உண்டா” என்று கேட்டால் பயனில்லை, எல்லாரும் உண்டு என்பார்கள். நான் கேட்பது இது: வழக்கத்தைவிட மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல் நான்கைந்து நாள் தொடர்ந்து இருந்ததுண்டா? அவர் இல்லை என்றார். கூட வந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். “போன வருஷம் லீவுல நீ தூங்கவே இல்லையேடா, மூணு மணி நேரம் படுத்துட்டு எழுந்து எல்லாருக்கும் ஃபோன் பண்ணுவ, மூணு கோர்ஸுக்குப் பணம் கட்டின, பேச்சுல யாரும் உள்ள நுழைய முடியல.” ஒரு வாரத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. அவருக்கு அது நோயாகவே தெரியவில்லை, வாழ்க்கையிலேயே தான் நன்றாக இருந்த ஒரே வாரம் அதுதான் என்று நினைத்திருக்கிறார், பாவம். மிதமான எழுச்சி நிலைக்கு நான்கு நாள் போதும், முழு எழுச்சிக்கு ஏழு நாள் அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவு தீவிரம் வேண்டும். இவருக்கு வேலையோ உறவோ உடையவில்லை, மாயத்தோற்றமோ பொய்யான நம்பிக்கையோ இல்லை, போதைப்பொருள் இல்லை, தைராய்டு சரி. தாய்மாமன் ஒருவர் பல வருடமாக, இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் எடுக்கிறார், இதுவும் அக்கா சொன்னதுதான். இருமுனைக் கோளாறின் இரண்டாம் வகை.

இந்த வயதில் இன்னும் இரண்டைப் பார்த்தே தீர வேண்டும். மனச்சிதைவின் ஆரம்பம் பல நேரம் கவனக்குறைவும் ஒதுங்குதலுமாகத்தான் வரும், சந்தேகங்கள், காதில் குரல், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற எண்ணம், இவற்றைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். மற்றொன்று, சிறு வயதிலிருந்தே இருந்து பிடிபடாமல் போன ஏ.டி.ஹெச்.டி. அதன் கோடு தொடர்ச்சியாக ஓடும், எபிசோடுகளாக விட்டுவிட்டு வராது. இவருக்குப் பள்ளி முழுக்கக் கவனத்தில் குறை எதுவும் இல்லை.

மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு எழுச்சியைத் தூண்டிவிடும் என்பதால் மனநிலையைச் சீராக்கும் குவெட்டியபினில் தொடங்கி, பிறகு லாமோட்ரிஜினை மிக மெதுவாகச் சேர்த்தோம், வேகமாக ஏற்றினால் உயிராபத்தான தோல் எதிர்வினை வரலாம் என்பதால் சிறு தடிப்பு வந்தாலும் உடனே வரச் சொன்னோம். தூக்க நேரத்தைத் தினமும் எழுதி வைக்கும் பொறுப்பை அக்காவும் தம்பியுமாக எடுத்துக்கொண்டார்கள்.

நடு வயதைப் பற்றி ஒன்று மட்டும். முன்பு எந்தப் பதற்றமும் இல்லாதவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் முதல் முறையாகப் படபடப்பும் மரண பயமும் வந்தால், பீதிக் கோளாறு என்று எழுதுமுன் தைராய்டு, இதயத் துடிப்பு, மது விட்ட மறுநாள், புதிதாகத் தொடங்கிய மருந்து, எல்லாவற்றையும் பாருங்கள். பீதிக் கோளாறு பொதுவாக இளமையில் தொடங்குவது.

மூன்றாவது: 9 வயதுச் சிறுமி

ஏ.டி.ஹெச்.டி என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் சொல்வதைக் கேட்பதில்லை, ஜன்னலையே பார்க்கிறாள், பாதியில் அழுகிறாள், எரிந்து விழுகிறாள். ஏ.டி.ஹெச்.டி அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பது மனநோய்களை வரையறுக்கும் கையேடான டி.எஸ்.எம்-5-ன் விதி, ஆனால் ஒன்பது வயதுக் குழந்தையிடம் அந்த விதி எதையும் வடிகட்டாது, எது வந்தாலும் 12-க்குள்தானே வரும். அதனால் பழைய வருட ஆசிரியர் குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வருடமும் “கவனமாகக் கேட்பவள்”. கோட்டில் முறிவு ஐந்து மாதத்துக்கு முன். அப்போது என்ன நடந்தது என்றால், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, பத்து நாள் மருத்துவமனை.

பள்ளி நாள் காலையில் வயிற்று வலி, விடுமுறையில் இல்லை. அம்மா குளியலறைக்குப் போனாலும் கதவருகே நிற்கிறாள். வீட்டில், அம்மா பக்கத்தில் இருந்தால், ஒரு மணி நேரம் அசையாமல் வரைகிறாள். தனியாக வைத்து, வரைந்துகொண்டே பேசினோம். “கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது என்ன நினைப்பு வரும்மா?” “அம்மா செத்துப் போயிருப்பாங்களோன்னு.” வகுப்பில் அவள் கவனம் எங்கே இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிரிவுப் பதற்றக் கோளாறு. குழந்தைகளுக்கு நான்கு வாரம் நீடித்தாலே போதும், பெரியவர்களுக்கு இதே நோய் என்று சொல்லப் பொதுவாக ஆறு மாதம் வேண்டும்.

வெறித்துப் பார்க்கிறாள் என்றதால் ஆப்சென்ஸ் வலிப்பையும் விசாரித்தேன். சில விநாடிகள் பேச்சு நடுவே அறுந்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாமல், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது அது. இவள் தொட்டால் திரும்புகிறாள், மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்லியும் எதுவும் வரவில்லை. காது, கண், தூக்கத்தில் குறட்டை, வாசிப்பில் சிரமம், எல்லாம் பார்த்தாயிற்று. குழந்தைகளின் மனச்சோர்வு சோகமாக இல்லாமல் எரிச்சலாக வரலாம் என்பதால் அதையும் தேடினேன். விளையாட்டு, தோழிகள், சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன, அம்மா கண்ணில் பட்டால் போதும்.

ஏ.டி.ஹெச்.டி மருந்து எதுவும் தொடங்கவில்லை. பதற்றத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சிறு சிறு படிகளாகப் பிரிந்து பழகுவது, பள்ளிக்குப் போவதை நிறுத்தாமல் வைத்திருப்பது. வீட்டில் இருக்க விட்டால் பயம் இன்னும் கெட்டியாகும். நடுவில் ஓடிவந்து எட்டிப் பார்க்காமல், சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நிற்க அம்மாவைப் பழக்கினோம், அம்மாவுக்குத்தான் அது அதிகம் கஷ்டமாக இருந்தது.

ஆனால் ஏ.டி.ஹெச்.டி என்ற சந்தேகத்தை முழுதாக அழித்துவிடவில்லை. துறுதுறுப்பு இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை பெண் குழந்தைகளிடம் அடிக்கடி பிடிபடாமல் போகிறது, பதற்றத்தோடு சேர்ந்தும் வரும், புத்திசாலிக் குழந்தை கீழ் வகுப்புகளில் அதைச் சமாளித்துவிடும். பதற்றம் இறங்கிய பிறகும் வகுப்பில் இதே நிலை தொடர்ந்தால், பள்ளியிலும் வீட்டிலும் தனித்தனியாக விவரம் வாங்கி, முதலிலிருந்து மீண்டும் பார்ப்பதாக அம்மாவிடமும் வகுப்பாசிரியரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.